வர்ஜீனியா 1676: பேக்கன் கலகம் யாருக்காக நடந்தது?

நெய்தல்வாசி:

வணக்கம் நண்பர்களே. வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் காலனியான வர்ஜீனியாவில் 1676-இல் நடந்த பேக்கன் கலகம் பற்றி ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமானது. நதானியேல் பேக்கன் என்ற இளம் தோட்ட முதலாளி ஆளுநர் வில்லியம் பெர்க்லிக்கு எதிராகக் குடியேறிகளைத் திரட்டினார், செப்டம்பரில் தலைநகர் ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார், அடுத்த மாதமே நோயில் இறந்தார், கலகமும் அடங்கிப்போனது. இதுவரை எங்கே படித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஏன் நடந்தது, அதனால் என்ன ஆனது என்று தேடினால்தான் கதை ஆளுக்கு ஆள் மாறுகிறது. பழைய பாடப்புத்தகங்களில் பேக்கன் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் வந்த 1776-க்கு நூறு வருடம் முன்பே விடுதலைக் கொடி தூக்கியவர். இப்போது இணையத்தில் அதிகம் பரவுவது வேறு கதை: ஏழை வெள்ளையரும் கறுப்பரும் கைகோத்து மேல்தட்டை எதிர்த்தார்கள், பயந்துபோன முதலாளிகள் இவர்களைப் பிரித்து வைக்கவே இன அடிமைமுறையைக் கொண்டுவந்தார்கள் என்பது. இரண்டு கதையிலுமே அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது.

மூல காரணம் வரியும் வறுமையுமா, நிலமா, இல்லை பேக்கனுக்கும் ஆளுநருக்கும் இருந்த சொந்தப் பகையா? அடிமைமுறை இறுகியதற்கு இந்தக் கலகம்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தோணிக்காரன்:

நான் பணத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் 1676-க்கு முந்தைய பத்துப் பதினைந்து வருட வர்ஜீனியாவைப் பார்க்காமல் பேக்கனை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது.

அந்தக் காலனி முழுக்கப் புகையிலையை நம்பி இருந்தது. வரி கட்டுவதும் புகையிலையில், கடன் அடைப்பதும் புகையிலையில். 1660-களில் விளைச்சல் பெருகப் பெருக விலை சரிந்து, ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி, சில வருடங்களில் அதற்கும் கீழே போனது. சரி, டச்சு வியாபாரிகளிடம் விற்று நாலு காசு கூடப் பார்க்கலாம் என்றால் இங்கிலாந்தின் கப்பல் போக்குவரத்துச் சட்டங்கள் அந்தக் கதவையும் மூடிவிட்டன. புகையிலை இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும், அங்கே இறங்கும்போது மன்னருக்குக் கட்டும் சுங்கம், பயிரிட்டவன் கைக்கு வந்த காசை விட அதிகம். போதாததற்கு 1667-இல் டச்சுக் கப்பல்கள் வந்து புகையிலைக் கப்பல்களை எரித்தன, அதே வருடம் ஒரு பெரும் புயல் வயலை அழித்தது, 1673-இல் டச்சுக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள்.

இந்த நிலையில் தலைவரி. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் துண்டு நிலம் கூட இல்லாதவனுக்கும் தலைக்கு ஒரே வரி, அதில் ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினர்களுக்கு மட்டும் விலக்கு. 1673-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் தனக்கு வேண்டியவர்களான ஆர்லிங்டன், கல்பெப்பர் பிரபுக்களுக்கு வர்ஜீனியா முழுவதையும் 31 வருடங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், அதை ரத்து செய்யச் சொல்லி லண்டனுக்குத் தூதர்களை அனுப்ப வேண்டும் என்று அதற்கும் வரி போட்டார்கள். கேள்வி கேட்கலாம் என்றால் எங்கே கேட்பது? 1661-இல் வந்த பிரதிநிதிகள் அவையை பெர்க்லி பதினைந்து வருடம் கலைக்கவே இல்லை. 1670-இல் சொத்தில்லாத ஆண்களின் வாக்குரிமையையும் எடுத்துவிட்டார்கள்.

இதில் அதிகம் நொந்தவர்கள், ஒப்பந்தக் காலம் முடித்து வெளியே வந்த ஆட்கள். கப்பல் கூலிக்காக நாலு முதல் ஏழு வருடம் வரை உழைப்பை எழுதிக் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு தலைக்கும் 50 ஏக்கர் என்ற திட்டம் ஒன்று இருந்தது, ஆனால் அந்த நிலம் கூலி கட்டிக் கூட்டி வந்த முதலாளிக்குப் போயிற்று. ஆற்றோரத்து நல்ல மண்ணெல்லாம் அப்படியே முன்னால் வந்தவர்கள் கைக்குப் போய்விட, விடுதலையான ஆள் ஒன்று குத்தகைக்கு உழ வேண்டும், இல்லையென்றால் எல்லைப்புறத்துக்குப் போக வேண்டும். காலனியில் ஏழில் ஆறு பேர் ஏழைகள், கடனாளிகள், அதிருப்தியில் இருப்பவர்கள், கையில் ஆயுதமும் இருக்கிறது என்று கலகம் நடந்த வருடம் பெர்க்லியே ஒரு கடிதத்தில் புலம்பினார். ஆளுகிற மனிதருக்கே இது தெரிந்திருந்தது.

ஆகவே என் பதில்: பேக்கன் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று வெடித்திருக்கும். பேக்கன் ஏழை கிடையாது. பணக்காரக் குடும்பத்துப் பையன், கேம்பிரிட்ஜில் படித்தவர், 1674-இல் வந்து இறங்கியவர், ஆளுநரின் மனைவி பிரான்சஸ் வழியில் உறவு, வந்த வேகத்தில் ஆலோசனைச் சபையில் இடமும் கிடைத்தது. சொந்தப் பகை கலகத்துக்குத் தலைவனைக் கொடுத்தது, கூட்டத்தைக் கொடுத்தது புகையிலை விலையும் வரியும்தான்.

கருவேலங்காடு:

தோணிக்காரன் சொன்ன விவரங்கள் சரி, முடிவைத்தான் நான் ஏற்க மாட்டேன். வரிதான் காரணம் என்றால் அவர்கள் முதலில் வரி வசூலிப்பவனை அல்லவா அடித்திருக்க வேண்டும்? முதலில் அடிபட்டது யார் என்று பாருங்கள்.

1675 ஜூலையில் பொடோமாக் ஆற்றோரம் தாமஸ் மேத்யூ என்ற தோட்டக்காரருக்கும் டோயக் என்ற பூர்வகுடி மக்களுக்கும் ஒரு தகராறு. வாங்கிய சரக்குக்குப் பணம் தரவில்லை என்று டோயக் ஆட்கள் அவருடைய பன்றிகளை ஓட்டிப் போனார்கள், குடியேறிகள் துரத்திப் போய்ச் சிலரைக் கொன்றார்கள், பதிலுக்கு மேத்யூவின் வேலையாள் ஒருவர் கொல்லப்பட்டார். உடனே வர்ஜீனியாக்காரர்கள் ஆற்றைக் கடந்து பக்கத்துக் காலனியான மேரிலாந்துக்குள் புகுந்து டோயக் மக்களைச் சுட்டதோடு, இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத, நட்பாக இருந்த சஸ்குவஹானக் மக்களையும் சுட்டார்கள். செப்டம்பரில் இரண்டு காலனிப் படைகளும் சேர்ந்து சஸ்குவஹானக் கோட்டையை முற்றுகையிட்டன. பேச்சுவார்த்தைக்கு வெளியே வந்த ஐந்து தலைவர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வர்ஜீனியப் படையை நடத்தியவர்களில் ஒருவர் ஜான் வாஷிங்டன், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத் தாத்தா. தப்பிய சஸ்குவஹானக் வீரர்கள் 1676 ஜனவரியில் எல்லைப்புறக் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். இந்தத் தாக்குதலில் இருந்துதான் பல கதைகள் தொடங்குகின்றன, அதற்கு முந்தைய கொலைகளை விட்டுவிட்டு. இது என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

பெர்க்லி நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆற்று முகப்புகளில் கோட்டை கட்டிக் காவல் வைப்போம், நட்பாக உள்ள பழங்குடிகளைத் தொடக் கூடாது என்றார். அதற்கு அவருடைய தோல் வணிகமும் ஒரு காரணம், நியாயமான சந்தேகம்தான். ஆனால் எல்லைப்புறத்துக்காரர்களுக்கு நண்பன், பகைவன் என்ற பாகுபாடே வேண்டாம். 1646 ஒப்பந்தப்படி யார்க் ஆற்றுக்கு வடக்கே நிலம் பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது, அந்த எல்லை ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்தது, மிச்சம் இருந்ததும் வேண்டும் என்பதுதான் பலருடைய கணக்கு.

பேக்கன் முதலில் செய்த காரியத்தைப் பாருங்கள். ஆளுநர் படை நடத்தும் ஆணை தர மறுத்தும் ஆட்களோடு தெற்கே ரோனோக் ஆற்றுக்குப் போனார். அங்கே ஒரு தீவில் இருந்த ஆக்கனீச்சி மக்கள் ஆங்கிலேயருக்கு நண்பர்கள். பேக்கனுக்காக அவர்களே போய் சஸ்குவஹானக் முகாமைத் தாக்கிக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பேக்கனின் ஆட்கள் அந்த ஆக்கனீச்சி மக்கள் மீதே திரும்பி ஆண், பெண், குழந்தை என்று பாராமல் கொன்றார்கள். ஊர் திரும்பியபோது அவர் வீரர். அந்தப் புகழில்தான் ஹென்ரிக்கோ மாவட்டம் அவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது.

அப்புறம் காக்கக்கோயெஸ்கே. பமன்கி மக்களின் அரசி. இவரைப் பற்றிப் பேசாமல் 1676-ஐப் பேசக் கூடாது. இவர் கணவர் டோட்டோபோட்டமோய் 1656-இல் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டு, தன் வீரர்கள் பலரோடு இறந்தவர். அதற்கு எந்த ஈடும் கிடைக்கவில்லை. இருபது வருடம் கழித்து, 1676 ஜூனில், இவரை ஜேம்ஸ்டவுனுக்கு அழைத்து இந்தப் போருக்கு எத்தனை வீரர்களைத் தருவாய் என்று கேட்டார்கள். மகனோடும் மொழிபெயர்ப்பாளரோடும் வந்தவர், இறந்த கணவர் பெயரைச் சொல்லிச் சொல்லி நெடுநேரம் அழுது குமுறினார். அவைத் தலைவர் ஒரு ஆறுதல் வார்த்தை கூடச் சொல்லாமல் மறுபடி எண்ணிக்கையைக் கேட்டார். கடைசியில் அரசி ஒப்புக்கொண்டது பன்னிரண்டு பேர், அப்போது அவர் ஊரில் சுமார் 150 வீரர்கள் இருந்தார்கள். மேலே சொன்ன அதே தாமஸ் மேத்யூ அந்த அவையில் உறுப்பினராக உட்கார்ந்து இதைப் பார்த்தவர், பின்னாளில் எழுதி வைத்தார். அந்த மறுப்பு எவ்வளவு சரியானது என்பது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தெரிந்தது. போர்த் தொழிலில் இறங்காத பமன்கி மக்களை டிராகன் சதுப்பு நிலத்துக்குள் துரத்திப் போய்ப் பேக்கனின் படை 45 பேரைப் பிடித்தது, அரசி காட்டுக்குள் ஓடித் தப்பினார்.

ஜூன் அவையின் சட்டங்களைச் சிலர் பேக்கன் சட்டங்கள் என்று கொண்டாடுகிறார்கள். எல்லாச் சுதந்திர ஆண்களுக்கும் வாக்கு, ஷெரிஃப் பதவிக்குக் காலவரம்பு, சபை உறுப்பினர்களின் வரிவிலக்கு ரத்து, எல்லாம் உண்மை. அவற்றில் பேக்கனுக்குப் பெரிய பங்கில்லை, அவருக்கு வேண்டியது படையாணை, அதை ஆயுதமேந்திய ஐந்நூறு பேரோடு வந்து வாங்கிக்கொண்டார். ஆனால் அதே சட்டத் தொகுப்பின் முதல் சட்டம் போரில் பிடிபடும் பூர்வகுடிகள் ஆயுள் முழுக்க அடிமைகள் என்கிறது. கொண்டாடுபவர்கள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நெய்தல்வாசி:

கருவேலங்காடு, நன்றி. காக்கக்கோயெஸ்கே பற்றி இவ்வளவு எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று இடிக்கிறது. பூர்வகுடி நிலத்துக்கான படை என்றால் கறுப்பின அடிமைகள் ஏன் அதில் சேர்ந்தார்கள்? அவர்களுக்கு எல்லைப்புற நிலம் கிடைக்கப் போவதில்லையே.

செங்காந்தள்:

அவர்கள் சேர்ந்தது பிற்பாடு, செப்டம்பரில், போர் ஆளுநருக்கும் பேக்கனுக்கும் நேரடியாக மூண்ட பிறகு. யாருக்கு ஆள் அதிகம் என்ற போட்டியில் பேக்கன், ஆளுநர் தரப்பு முதலாளிகளின் வேலையாட்களுக்கும் அடிமைகளுக்கும் தன்னோடு வந்தால் விடுதலை என்று அறிவித்தார். பெர்க்லியும் சும்மா இல்லை, கலகக்காரர்களின் வேலையாட்களுக்கு அதே ஆசையைக் காட்டினார். ஆக இரண்டு முதலாளிகளும் எதிராளியின் ஆட்களுக்குத்தான் விடுதலை தந்தார்கள், தன் வீட்டு ஆட்களுக்கு இல்லை. சேர்ந்தவர்களுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவன் வயலில் கிடக்க வேண்டியவனுக்கு ஒரு துப்பாக்கியும் ஒரு வாக்குறுதியும் கிடைத்தால் போவான், அது முழுக்க நியாயம்.

அவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பது முடிவில் தெரிகிறது. பேக்கன் அக்டோபர் 26 அன்று ரத்தபேதியில் இறந்துவிட்டார். பணக்காரத் தோழர்கள் ஒவ்வொருவராகச் சமாதானம் பேசப் போய்விட்டார்கள். 1677 ஜனவரியில் தாமஸ் கிராந்தம் என்ற கப்பல் தலைவர் யார்க் ஆற்றின் தலைப்பில் இருந்த வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போனபோது அங்கே சுமார் 400 ஆங்கிலேயரும் கறுப்பரும் ஆயுதத்தோடு இருந்தார்கள். மன்னிப்பும் விடுதலையும் தருகிறோம் என்று அவர் பேசிப் பெரும்பாலோரைக் கலைத்தார். கடைசி வரை துப்பாக்கியைக் கீழே வைக்க மறுத்தவர்கள் 80 கறுப்பரும் 20 ஆங்கிலேயரும். அவர்களையும் நயமாகப் பேசிப் படகில் ஏற்றி, தன் கப்பலின் பீரங்கிக்கு நேரே இழுத்து வந்து நிறுத்தி, ஆயுதங்களைப் பிடுங்கி முதலாளிகளிடம் ஒப்படைத்தார். இதெல்லாம் அவரே எழுதி வைத்த கணக்கு. அந்த நூறு பேரில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை, நதானியேல் பேக்கன் பெயர்தான் கலகத்துக்கே.

இப்போது நெய்தல்வாசியின் இரண்டாவது கேள்வி. முதலாளிகள் பயந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயந்துபோய் இன அடிமைமுறையைக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் ஏற்க முடியாது, தேதிகள் ஒத்துழைக்கவில்லை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்ற வர்ஜீனியச் சட்டம் 1662. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைக்கு விடுதலை இல்லை என்பது 1667. இரண்டும் கலகத்துக்கு முந்தியவை. 1671-இல் பெர்க்லி லண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில் மக்கள் தொகை 40,000-க்கு மேல், அதில் கறுப்பின அடிமைகள் 2,000, ஒப்பந்த வேலையாட்கள் 6,000 என்று இருக்கிறது. எண்ணிக்கை குறைவு, ஆனால் சட்டத்தின் அடித்தளம் ஏற்கெனவே போட்டாயிற்று.

எண்ணிக்கை ஏறியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கூலி கொஞ்சம் உயர்ந்தது, பென்சில்வேனியா போன்ற புதிய காலனிகள் வந்தன, வர்ஜீனியாவுக்கு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் குறைந்தார்கள். 1698-இல் ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியின் அடிமை வணிக ஏகபோகத்தை நாடாளுமன்றம் உடைத்ததும் அடிமைக் கப்பல்கள் நேரடியாக வரத் தொடங்கின. கலகமே நடக்காமல் இருந்தாலும் இது நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கலகம் மாற்றியது வேறு ஒன்றை. அதன் பிறகு வந்த சட்டங்கள் வெள்ளையனையும் கறுப்பனையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதில் அக்கறை காட்டின. 1680 சட்டம் கறுப்பர் ஆயுதம் தாங்குவதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போவதையும் தடுத்தது. 1691-இல் கலப்பு மணம் செய்த வெள்ளையரைக் காலனியை விட்டே துரத்தச் சட்டம் வந்தது. 1705 தொகுப்பில் இரண்டு ஏற்பாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்: ஒப்பந்தம் முடித்த வெள்ளை வேலையாளுக்குப் பத்து புஷல் (தானிய அளவு) சோளம், முப்பது ஷில்லிங், ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டும். அடிமை தனக்கென்று வளர்த்த குதிரை, மாடு, பன்றியைப் பறித்து விற்று அந்தப் பணத்தை உள்ளூர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவனிடம் பிடுங்கி இன்னொருவனைச் சமாதானப்படுத்தியதுதான் இது. 1676 நினைவில்லாத சபை இப்படிச் சட்டம் எழுதியிருக்குமா என்பது சந்தேகம், ஆனாலும் இடையில் 29 வருடங்கள் இருக்கின்றன, அதை ஒரே தாவலில் தாண்டிவிட முடியாது.

தோணிக்காரன்:

செங்காந்தள் கடைசியாகச் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கருவேலங்காட்டின் வாதத்தில் பாதியையும் ஏற்கிறேன், கோபத்துக்குப் பணம் காரணம், அந்தக் கோபம் இறங்கியது பூர்வகுடிகள் தலையில், இரண்டையும் பிரிக்க முடியாது. உடனடி விளைவுகள் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சேர்த்து வைக்கிறேன்.

பெர்க்லி 23 பேரைத் தூக்கில் போட்டார். வட கரோலினாப் பகுதியில் முன்பு ஆளுநராக இருந்த வில்லியம் டிரம்மண்டை விசாரித்த அன்றே தூக்கிலிட்டார்கள். அவர் மனைவி சாரா, இங்கிலாந்தின் பலம் எனக்கு ஒரு முறிந்த குச்சிக்குச் சமம் என்று கலகத்தின்போது குச்சியை ஒடித்துக் காட்டியவர், பறிபோன சொத்துக்காகக் கடைசி வரை மனுப் போட்டுத் திரும்ப வாங்கினார். மன்னர் ஆயிரம் சிப்பாய்களோடு மூன்று ஆணையர்களை அனுப்பினார், ஹெர்பர்ட் ஜெஃப்ரீஸ், ஜான் பெர்ரி, பிரான்சிஸ் மோரிசன். அவர்கள் கொண்டுவந்த பொது மன்னிப்பைக் கூட பெர்க்லி இழுத்தடித்தார். கடைசியில் அவரையே லண்டனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள், போனவர் மன்னரைப் பார்க்காமலே 1677 ஜூலையில் இறந்தார். ஏழைகளுக்குக் கிடைத்தது? ஜூன் சட்டங்களை அடுத்த வருடமே ரத்து செய்தார்கள். லண்டனின் பிடி இறுகியது. புகையிலை விலை அப்படியேதான் கிடந்தது, 1682-இல் குளோஸ்டர் பகுதியில் கூட்டம் கூட்டமாகப் போய் புகையிலைச் செடிகளை வெட்டிச் சாய்த்தார்கள், விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று. அதற்கும் தூக்குதான் பதில்.

கருவேலங்காடு:

பாதியை ஏற்றதற்கு நன்றி, மீதிப் பாதிக்கு அடுத்த இழையில் வருகிறேன். 1677 மே 29 அன்று மிடில் பிளாண்டேஷனில் நடந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டீர்கள். காக்கக்கோயெஸ்கே அதில் கையெழுத்திட்டார். பழங்குடி ஊர்களில் இருந்து மூன்று மைலுக்குள் ஆங்கிலேயர் குடியேறக் கூடாது என்று எழுதினார்கள், பதிலுக்கு மன்னருக்குக் கீழ்ப்படிந்த குடிகள் என்று பழங்குடிகள் ஒப்புக்கொள்ள வேண்டும், வருடா வருடம் மூன்று அம்பும் இருபது பீவர் தோலும் கப்பம். மூன்று மைல் எல்லை காற்றில் போயிற்று. கப்பம் நிற்கவில்லை, பமன்கி, மட்டபோனி மக்கள் இன்றும் நவம்பரில் வர்ஜீனிய ஆளுநருக்கு மான் கொண்டுபோய்த் தருகிறார்கள், அந்த ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று அரசுக்கு நினைவூட்ட. பமன்கி மக்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது 2016-இல்தான். நெய்தல்வாசி, விளைவுகள் என்று நீங்கள் கேட்ட பட்டியலில் இதையும் போட்டுக்கொள்ளுங்கள்.